ஐடிலில் நிற்காத கார்புரேட்டர் கார்: ஸ்க்ரூவைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் தானாக மெதுவாக ஓடுவதுதான் ஐடில். சிக்னலில் காலை எடுத்ததும் ஆஃப் ஆகிவிடும் பழைய மாருதி 800-ஐ ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பெரும்பாலும் முதலில் நடப்பது ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே முறுக்குவதுதான். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுழலும் எண்ணிக்கை) ஏறும், வண்டி ஆஃப் ஆகாது, வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் எங்கோ ஒரு ஓஸ் விரிந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தாலோ, ஒரு பிளக் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தாலோ, அது அப்படியே இருக்கும். இரண்டு வாரத்தில் மைலேஜ் இறங்கும், கியர் விழும்போது வண்டி உதறும், சாவியை எடுத்த பிறகும் என்ஜின் இரண்டு மூன்று துடிப்பு ஓடும். அப்போது பழி கார்புரேட்டர் மேல் விழும், புதுக் கார்புரேட்டருக்குச் செலவு வைப்பார்கள்.

ஐடில் ஸ்க்ரூவும் மிக்சர் ஸ்க்ரூவும் கடைசியில் தொட வேண்டியவை. பொறி (ஸ்பார்க்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு), காற்றுக் கசிவு, பெட்ரோல் வரத்து நான்கும் சரி என்று தெரிந்த பிறகுதான் அவற்றுக்கு வேலை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. எடுத்துக்காட்டுக்கு 1983 முதல் 2000-ஐ ஒட்டி எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு முறை) வரும்வரை ஓடிய கார்புரேட்டர் மாருதி 800-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறோம்: 796 சிசி, மூன்று சிலிண்டர், மிகுனி கார்புரேட்டர், கையால் இழுக்கும் சோக். பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

ஐடிலில் கார்புரேட்டருக்குள் நடப்பது

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட முழுதாக மூடிக்கொள்ளும். மெல்லிய இடைவெளி வழியாகக் கொஞ்சம் காற்று போகும். தகட்டுக்குக் கீழே, மானிஃபோல்ட் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) பக்கம், உறிஞ்சல் பலமாக இருக்கும். தகட்டுக்கு மேலே காற்றோட்டம் மிகக் குறைவு என்பதால் மெயின் ஜெட் அப்போது வேலையே செய்யாது. என்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் முழுக்க ஸ்லோ ஜெட் வழியாக ஏறி, கொஞ்சம் காற்றோடு கலந்து, தகட்டுக்குக் கீழே இருக்கும் சிறு துளை வழியாக இறங்குகிறது. அந்தத் துளையைத்தான் மிக்சர் ஸ்க்ரூவின் ஊசி முனை கட்டுப்படுத்துகிறது. மூடிய தகட்டின் விளிம்பை ஒட்டி இன்னும் ஒன்றிரண்டு துளைகள் இருக்கும். தகடு லேசாகத் திறக்கும்போது பெட்ரோல் தரும் இடைநிலைத் துளைகள் இவை.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஸ்லோ ஜெட்டின் துளை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் என்பதால் டேங்கிலிருந்து வந்த ஒரு துரும்பு போதும், அடைத்துவிடும். வேகமாகப் போகையில் மெயின் ஜெட் ஓடுவதால் நன்றாக ஓடும் வண்டி ஐடிலில் மட்டும் அணையும். அடுத்தது, ஐடில் ஸ்க்ரூவை அதிகம் முறுக்கியிருந்தால் தகடு தேவைக்கு மேல் திறந்து இடைநிலைத் துளைகளும் பெட்ரோல் கொட்டத் தொடங்கும். மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் என்ஜின் ஓட்டத்தில் மாற்றமே தெரியாத வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கும்.

என்ஜின் மிகக் குறைந்த கலவையை எரித்துக்கொண்டிருக்கும் நேரம் என்பதால், 60 கிமீ வேகத்தில் தெரியவே தெரியாத குறை ஐடிலில் பூதாகரமாகும். பலவீனமான பொறி, சரியாக மூடாத ஒரு வால்வு, 2 மிமீ அளவு காற்று ஓட்டை எதுவானாலும் அப்படித்தான். அதனாலேயே ஐடில் ஒரு வண்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடும். ஸ்க்ரூவை முறுக்கி அதன் வாயை அடைப்பது நமக்குத்தான் நஷ்டம்.

எப்போது, எப்படி அணைகிறது?

பானட்டைத் திறக்கும் முன் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேடும் இடம் பாதியாகக் குறையும்.

காலையில் குளிர்ந்த என்ஜின் மட்டும் தகராறு செய்து, சூடானதும் சரியாகிறதா? கலவை லீன், அதாவது பெட்ரோல் பற்றவில்லை. சோக் கேபிள், சோக்கோடு சேர்ந்து த்ராட்டிலைத் திறக்கும் லிங்க், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து) ஆகியவற்றைப் பாருங்கள். குளிரில் நன்றாக ஓடி, நகர நெரிசலில் சூடேறியபின் மட்டும் அணைகிறதா? ரிச் கலவை (பெட்ரோல் அதிகம்), ஃப்ளோட் (கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) வழிதல், பெட்ரோல் ஆவியாதல், சூட்டில் படுக்கும் இக்னிஷன் காயில் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. ஆர்பிஎம் ஒரே சீராக ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடினால் அநேகமாகக் காற்றுக் கசிவு அல்லது அடைபட்ட ஸ்லோ ஜெட். புகைக்குழாயில் கறுப்புப் புகையோடு தடுமாறினால் பெட்ரோல் அதிகம். ஒரே தாளத்தில் 'டுப்… டுப்…' என்று ஒரு துடிப்பு விட்டுப்போனால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஐடில் விழுந்தால் பூஸ்டர் (பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) இருக்கும் வண்டியில் பூஸ்டர் டயாஃப்ரம் அல்லது அதன் ஓஸ். ஹெட்லைட் போட்டதும் விழுந்தால், ஐடில் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்று பொருள்.

கடைசியாக நடந்த புகை டெஸ்ட் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் என்பது வரம்பு. கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் கலவை ரிச். கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது: பொறி விடுகிறது, அல்லது எரிய முடியாத அளவுக்குக் கலவை லீனாக இருக்கிறது. பலர் அந்தச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டுவதோடு மறந்துவிடுகிறார்கள். நல்ல தகவல் அதில் இருக்கிறது.

கையில் வேண்டியவை

பிளக் ஸ்பேனர், ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, கைக்கு அடக்கமான ஸ்க்ரூடிரைவர், ஆர்பிஎம் மீட்டர், டைமிங் லைட். இவற்றோடு ஒரு வேக்குவம் கேஜ் (உறிஞ்சலை அளக்கும் மானி) கட்டாயம் வாங்குங்கள். பழைய காருக்கு இதைவிட உபயோகமான கருவி இந்த விலையில் வேறு இல்லை.

வெட்டவெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் ஐடிலில் ஓடும் என்ஜின் ஆளைக் கொல்லும். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், சக்கரத்துக்குக் கட்டை. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது என்பதால் முன்னறிவிப்பு இல்லாமல் சுழலும். துப்பட்டா, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் அருகில் வேண்டாம்.

முதல் பார்வை

ஏர் ஃபில்டரைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். சோக் நாபை முழுதாக உள்ளே தள்ளிய நிலையில் கார்புரேட்டர் வாயிலுள்ள சோக் தகடு நேர்குத்தாக நிற்கிறதா? பழைய கேபிள் உறைக்குள் துரு பிடித்து, நாப் உள்ளே போனாலும் தகடு கால்பாகம் மூடியே இருக்கும். சூட்டில் அணைவதற்கு இது ஒன்றே போதும்.

ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதித்து விடச் சொல்லுங்கள். த்ராட்டில் லீவர் ஒவ்வொரு முறையும் ஐடில் ஸ்க்ரூவின் முனையில் 'டக்' என்று வந்து உட்கார வேண்டும். உட்காராமல் தொங்கினால் கேபிள் இறுக்கம் அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங். ஐடில் ஒரு நாள் 800, மறுநாள் 1400 என்று அலைவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். பிறகு லீவரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் கார்புரேட்டர் உடலில் கடகடவென்று ஆடினால் தேய்ந்த புஷ் வழியாகக் காற்று போகிறது. லேத் கடையில் புஷ் போட்டால்தான் இது தீரும்.

பொறி

ஐடில் கோளாறு என்று வரும் வண்டிகளில் கார்புரேட்டருக்குச் சம்பந்தமே இல்லாதவை நிறைய. அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

மூன்று பிளக்கையும் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் ஒரு துணிமேல் வையுங்கள். மூன்றும் இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. மூன்றும் உலர்ந்த கறுப்புக் கரி என்றால் கலவை ரிச். மூன்றும் வெளுத்திருந்தால் லீன். ஒன்று மட்டும் மாறியிருந்தால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள், குறை அந்தச் சிலிண்டருக்கு உரியது. ஒன்றில் மட்டும் கரியும் ஈரமும் என்றால் பொறி இல்லை அல்லது கம்ப்ரஷன் இல்லை. ஒன்று மட்டும் வெளுப்பு என்றால் அந்தச் சிலிண்டருக்கு அருகே மானிஃபோல்ட் பேக்கிங்கில் கசிவு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். இடைவெளி 0.7 முதல் 0.8 மிமீ.

பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய கருங்கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியிருந்தால், அது விரிசல் வழியாகப் பொறி தாவிய தடம். மூடியை மாற்றத்தான் வேண்டும், தேய்த்துப் பயனில்லை. நடுவிலுள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கில் உள்ளே வெளியே அசைகிறதா என்றும் பாருங்கள். பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை) உள்ள வண்டியில் அதன் இடைவெளி 0.4 முதல் 0.5 மிமீ. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக அரித்திருந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் இந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். எத்தனை முறை செட் செய்தாலும் ஐடில் சீராகாது.

அடுத்து டைமிங், அதாவது பொறி விழும் நேரம். பானட் உள்பக்க ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ உள்ள அளவே உங்கள் வண்டிக்குச் சரி. வேக்குவம் அட்வான்ஸ் (உறிஞ்சலால் பொறி நேரத்தை முன்னே நகர்த்தும் பாகம்) ஓஸைக் கழற்றி அதன் முனையை அடைத்துவிட்டு, ஐடிலில் டைமிங் லைட்டால் பாருங்கள். கழற்றிய ஓஸில் விரலை வைத்தால் பெரும்பாலான வண்டிகளில் ஐடிலில் உறிஞ்சல் இருக்கக் கூடாது. இருந்தால் ஓஸ் தவறான குழாயில் செருகப்பட்டிருக்கிறது, அல்லது த்ராட்டில் தகடு அதிகம் திறந்திருக்கிறது. அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று அறிய, என்ஜினை நிறுத்தி ஓஸை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். உறிஞ்சல் அப்படியே நிற்க வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் தட்டும் நகர வேண்டும்.

இனி ஒவ்வொரு சிலிண்டராக விடும் சோதனை. ஐடிலில் ஓடும்போது ஒரு பிளக் ஒயரைக் கழற்றி உடனே என்ஜின் உடலோடு எர்த் செய்யுங்கள். இன்சுலேட்டட் பிளையர் அவசியம். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் ஒயரை அந்தரத்தில் விட்டால் மாட்யூல் போய்விடும். மூன்று சிலிண்டர் என்பதால் ஒன்றை எடுத்தாலே என்ஜின் நன்றாக உதறி அணையப் பார்க்க வேண்டும். எதை எடுத்தபோது மாற்றம் தெரியவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். மாருதியின் ஃபயரிங் வரிசை 1-3-2. ஒயர் இடம் மாறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். 1995-க்குப் பிறகு சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் விற்ற வண்டிகளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும். எரியாத பெட்ரோல் அதைச் சூடாக்கிக் கெடுக்கும் என்பதால் ஒவ்வொரு சோதனையும் சில நொடிகளுக்கு மேல் வேண்டாம்.

கம்ப்ரஷனும் டேப்பட்டும்

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை, பிளக்கும் ஒயரும் மாற்றிப் பார்த்தும் அப்படியே என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். எல்லா பிளக்கும் கழற்றி, காயில் ஒயரை விலக்கி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில் ஐந்தாறு துடிப்பு செல்ஃப் அடிக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

வால்வு என்று சொன்னதும் ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். டேப்பட் இடைவெளி இல்லாமல் போய் வால்வு முழுதாக மூடாமல் நிற்பதே முக்கால்வாசிக் காரணம். டேப்பட் சத்தம் போடாத வண்டி நல்ல வண்டி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. இறுகிய டேப்பட் சத்தமே போடாது, வால்வை மட்டும் எரிக்கும். அம்பாசிடரின் பழைய 1489 சிசி என்ஜினுக்கு 0.38 மிமீ. மற்ற வண்டிகளுக்கு மேனுவலில் உள்ள அளவு, அது குளிர்ந்த என்ஜினுக்கா சூடானதற்கா என்பதையும் பார்த்து வையுங்கள்.

அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை வருடாவருடம் செய்வது நல்லது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் இந்தியா முழுக்க நின்றது. அதுவரை வால்வு சீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்தது அந்த ஈயம். கடினமான சீட் மாற்றாத பழைய ஹெட்டுகளில் எக்சாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்குகிறது, இறங்க இறங்க டேப்பட் இடைவெளி குறைகிறது.

காற்றுக் கசிவு

இதுவே பெரிய பகுதி. வேக்குவம் கேஜை மானிஃபோல்டில் உள்ள ஒரு குழாயில் மாட்டுங்கள். சூடான என்ஜின், ஐடில். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஊசி 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை ஏதோ ஓர் எண்ணில் அமைதியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். 7000 அடிக்கு மேலிருக்கும் ஊட்டியில் 12 காட்டினால் அது கசிவு அல்ல. கீழே டியூன் செய்த கார்புரேட்டர் அங்கே ரிச்சாகி ஐடிலில் திணறுவதும் இயல்பே. மலை இறங்கினால் தானாகச் சரியாகும், அதற்காக ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

சமவெளியில் ஊசி 14-க்கு அருகில் அசையாமல் நின்றால் முதலில் டைமிங் பின்தங்கியிருக்கிறதா பாருங்கள். அதற்கும் மிகக் கீழே நின்றால் பெரிய கசிவு. சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்று ஒன்றிரண்டு அங்குலம் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு அல்லது ஒரு பிளக். சோம்பலாக மேலும் கீழும் அலைந்தால் கலவை.

கேஜ் இல்லாதவர்களுக்குக் கையே கேஜ். ஐடிலில் ஓடும் என்ஜினின் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் மெதுவாகப் பாதி மூடுங்கள். காற்று வரத்து குறைந்ததும் என்ஜின் நன்றாகி, ஆர்பிஎம் ஏறினால் கலவை லீன். உடனே திணறி அணையப் போனால் கலவை சரி அல்லது ரிச். முழுதாக மூடினால் இரண்டு நொடியில் அணைய வேண்டும். அணையாமல் இழுத்துக்கொண்டு ஓடினால் வேறு வழியில் காற்று போகிறது. பேக்ஃபயர் அடிக்கும் வண்டியில் மட்டும் கையை வைக்காதீர்கள், சோக்கை இழுத்து அதே சோதனையைச் செய்யலாம்.

லீன் என்று தெரிந்தால் கசிவைத் தேடுங்கள். மானிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஓஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெல்ல நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஐடில் சீராகிறதோ அந்த ஓஸ், அல்லது அதன் மறுமுனையில் இருக்கும் பாகம், காற்று இழுக்கிறது. பிசிவி வால்வு (என்ஜினுக்குள் சேரும் வாயுவை மானிஃபோல்டுக்கு விடுவது) உள்ள வண்டியில் அதை ஆட்டினால் உள்ளே கடகடக்க வேண்டும். பிசுக்கு பிடித்துத் திறந்தே நின்றால் அதுவும் ஒரு கசிவுதான்.

ஓஸ்களில் இல்லையென்றால் இணைப்புகள். கார்புரேட்டர் அடியிலுள்ள இன்சுலேட்டர் தட்டும் அதன் இருபுறப் பேக்கிங்கும், மானிஃபோல்ட் ஹெட்டில் சேரும் இடம், த்ராட்டில் ஷாஃப்ட்டின் இரு முனைகள். டபிள்யூடி-40 அல்லது கார்புரேட்டர் கிளீனரை நீண்ட குழாய் முனையோடு ஒவ்வோர் இடமாகச் சிறு துளி அடியுங்கள். ஓர் இடத்தில் அடித்து மூன்று நொடி காத்திருந்து, பிறகு அடுத்த இடம். ஆர்பிஎம் மாறும் இடத்தில் கசிவு. எக்சாஸ்ட் மானிஃபோல்ட் மேலும், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும் படவே கூடாது, தீப்பிடிக்கும். என்ஜின் நல்ல சூட்டில் இருந்தால் ஸ்ப்ரேக்குப் பதில் தண்ணீர் பாட்டிலே பாதுகாப்பு.

பேக்கிங் மாற்றும்போது பலர் கசிவை நிறுத்த நட்டை இன்னும் இறுக்குவார்கள். அலுமினிய ஃப்ளேன்ஜ் ஓரத்தில் வளைந்து நடுவில் இடைவெளி விழும், கசிவு முன்பைவிட மோசமாகும். நேர்ச்சட்டம் வைத்து ஃப்ளேன்ஜின் தளத்தைப் பாருங்கள். 0.1 மிமீ ஃபில்லர் அடியில் நுழைந்தால் கண்ணாடிமேல் எமரி தாள் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். சிலிக்கான் பசை மட்டும் பூசாதீர்கள். பெட்ரோலில் அது ஊறி, உரிந்து, துகள் ஜெட்டுக்குள் போகும்.

பெட்ரோல் வரத்து, ஃப்ளோட், சோலனாய்டு

பல மிகுனி கார்புரேட்டர்களில் ஃப்ளோட் அறைக்கு ஒரு சிறு கண்ணாடி ஜன்னல் உண்டு. சமதளத்தில் ஐடிலில் ஓடும்போது பெட்ரோல் மட்டம் அதன் நடுக்குறியில் நிற்க வேண்டும். மேலே நின்றால் நீடில் வால்வு தேய்ந்திருக்கும் அல்லது அதில் துகள் சிக்கியிருக்கும். கார்புரேட்டர் வாயில் எட்டிப்பார்த்தால் மெயின் நாசில் ஐடிலிலேயே சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டினால் வேறெதையும் பார்க்க வேண்டாம், அதை முதலில் சரிசெய்யுங்கள். கீழே நின்றால் ஃபில்டர், பம்ப் டயாஃப்ரம், டேங்க் மூடியின் காற்றுத்துளை.

இப்போது பங்கில் கிடைக்கும் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் இந்த வண்டிகளுக்கு இரண்டு விதத்தில் சிக்கல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை லீனாகிறது. பழைய ரப்பர் ஓஸ், பம்ப் டயாஃப்ரம், நீடில் முனை, ஓ-ரிங் ஆகியவை ஊறி, வெடித்து, துகளாக உதிர்கின்றன. எரிபொருள் ஓஸ் மாற்றும்போது எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டது கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் ஃப்ளோட் அறைப் பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்காகப் பிரிந்தால் எத்தனாலோடு தண்ணீர் இறங்கியிருக்கிறது, டேங்கையே காலி செய்ய வேண்டும்.

ஐடில் சோலனாய்டு (சாவியை ஆன் செய்ததும் ஐடில் பெட்ரோல் வழியைத் திறக்கும் மின் வால்வு) உள்ள கார்புரேட்டரில் அதைச் சோதிப்பது இரண்டு நிமிட வேலை. சாவியை ஆன் செய்து, என்ஜின் ஓடாமல், அதன் ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 'டிக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் டிக் இல்லையென்றால் சோலனாய்டு போய்விட்டது. ரேஸ் கொடுத்தால் ஓடி, காலை எடுத்த நொடி செத்துப்போகும் வண்டிக்கு இதையே முதலில் பார்ப்போம். சில ஒர்க்‌ஷாப்புகளில் சோலனாய்டின் முனையை வெட்டி நிரந்தரமாகத் திறந்துவிடுவார்கள். ஐடில் வரும், ஆனால் சாவியை எடுத்த பிறகும் என்ஜின் துடிக்கும்.

ஸ்லோ ஜெட் சுத்தம் செய்யும் முறை

மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முறுக்கி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். விரல் நுனியில் தடுப்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். பிறகு முழுக்க வெளியே எடுத்து, ஊசி முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையம்போல ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் யாரோ இறுக்கி நசுக்கியிருக்கிறார்கள். அந்த ஸ்க்ரூவை வைத்து ஐடில் செட் செய்ய முடியாது. ஸ்பிரிங், ஓ-ரிங் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், ஓ-ரிங் இல்லாவிட்டால் அந்த மரை வழியாகவே காற்று போகும்.

ஸ்லோ ஜெட்டைச் சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். பித்தளை என்பதால் தலை எளிதில் சிதையும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, மீண்டும் பாருங்கள். கம்பி, குண்டூசி, கித்தார் தந்தி எதுவும் கூடாது. துளை கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிவையுங்கள், கடையில் அந்த எண்ணையே கேளுங்கள்.

ஜெட்டோடு நிறுத்தாதீர்கள். ஜெட் இருந்த குழியில் ஸ்ப்ரே குழாயை வைத்து அடித்தால் மிக்சர் ஸ்க்ரூ துளையிலும் இடைநிலைத் துளைகளிலும் பீய்ச்ச வேண்டும். ஒன்றில் வராவிட்டால் வழி அடைந்திருக்கிறது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், எதிர்பாராத துளையிலிருந்து முகத்தில் அடிக்கும். மாருதியின் மிகுனி கார்புரேட்டர்களைச் செய்தது மறைமலை நகரிலுள்ள யூகால் என்பதால், தமிழ்நாட்டில் ரிப்பேர் கிட் கேட்கும்போது அந்தப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, செட்டிங்

என்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், ஃபேன் ஒரு முறை ஓடி நின்றிருக்க வேண்டும். சோக் உள்ளே, விளக்கும் புளோயரும் ஆஃப், ஏர் ஃபில்டர் மாட்டிய நிலை. ஃபில்டர் இல்லாமல் செட் செய்து பிறகு மாட்டினால் கலவை மாறும்.

மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உட்காரவைத்து இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இது தொடக்கப்புள்ளி மட்டுமே. ஐடில் ஸ்க்ரூவால் ஆர்பிஎம்மை 900 அருகே கொண்டுவாருங்கள். இப்போது மிக்சர் ஸ்க்ரூவைக் கால்கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள், ஒவ்வொரு முறையும் பத்து நொடி விட்டு. என்ஜின் தடுமாறத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து வெளியே திருப்பிக்கொண்டே வந்தால் ஆர்பிஎம் ஏறி, ஓர் உச்சம் தொட்டு, மறுபடி இறங்கும். உச்சத்துக்குத் திரும்புங்கள். ஆர்பிஎம் 900-ஐத் தாண்டியிருக்கும், ஐடில் ஸ்க்ரூவால் இறக்குங்கள். மறுபடி மிக்சர், மறுபடி ஐடில். இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் ஒத்துவரும். கடைசியாக ஆர்பிஎம் இருபது முப்பது விழும் அளவுக்கு மட்டும் மிக்சரை உள்ளே திருப்பி விடுங்கள்.

பைக்கில் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பல பைக்குகளில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருப்பினால் ரிச். இங்கே இருப்பது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ, உள்ளே திருப்பினால் லீன். ஈ20 ஊற்றும் வண்டியில் பழைய செட்டிங்கிலிருந்து கால் முதல் அரைச் சுற்று கூடுதலாக வெளியே வந்துதான் உச்சம் கிடைத்தால் பதற வேண்டாம். ஆனால் நான்கு, ஐந்து சுற்று வெளியே வந்தும் உச்சமே வரவில்லை என்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது அல்லது காற்றுக் கசிவு இன்னும் இருக்கிறது. முழுக்க உள்ளே போயும் என்ஜின் அணையவில்லை என்றால் தகடு அதிகம் திறந்திருக்கிறது, அல்லது ஃப்ளோட் வழிகிறது.

முடிந்ததும் ஹெட்லைட்டும் புளோயரும் போடுங்கள். ஆர்பிஎம் கொஞ்சம் விழலாம், ஆடக் கூடாது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விட்டால் ஐடிலுக்குக் கீழே குழியாமல் நேராக வந்து நிற்க வேண்டும். பிறகு பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, வெயிலில் பத்து நிமிடம் ஆஃப் செய்து நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃப் நீளமாக அடித்து, பெட்ரோல் வாசனையோடு எழுந்து, அரை நிமிடம் தடுமாறினால் சூட்டில் ஃப்ளோட் அறைப் பெட்ரோல் கொதித்து மானிஃபோல்டில் வழிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் இது சகஜம். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் எழுந்துவிடும், விட்டுவிட்டு மிதித்தால் கார்புரேட்டரிலுள்ள ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோல் ஊற்றும். தினமும் இப்படியென்றால் கார்புரேட்டர் அடியிலுள்ள இன்சுலேட்டர் தட்டு சரியான தடிமனில் இருக்கிறதா, எரிபொருள் ஓஸ் எக்சாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

அடுத்த நாள் காலை, குளிர்ந்த என்ஜினில், சோக் இழுத்து ஒரு முறை. அதிலும் தேறினால் புகை டெஸ்ட் மையத்துக்குப் போய் அளந்து, அந்தச் சீட்டின் எண்களையும், மிக்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்பதையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து ஐடில் மறுபடி மாறினால், எது மாறியது என்று தேடத் தொடங்க அந்த எண்கள் வேண்டியிருக்கும்.